இறக்கிய சுமை யார் தோளில்?

உழைத்துப் பிழைக்கும் மக்களிடையே இந்நாளில் ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. "அறுபது வயது வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கையில் ஓரளவு பொருள் சேர்ந்துவிட்டது. கால்களில் வலு இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு, நான்கு ஊர்களைப் பார்த்து, என் விருப்பம்போல் வாழ்ந்தால் என்ன?" என்பதே அவ்வினா. அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பவரும் இதைக் கேட்கின்றனர். ஆலையில் தறியோட்டுபவரும் கேட்கின்றனர். கணினித் துறையில் பெருஞ்சம்பளம் பெறும் இளைஞர் சிலர் நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே ஓய்வு பெறக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இதற்கு இரு சாரார் இருவகையாக விடை கூறுவர். "உடலில் உயிர் உள்ளவரை உழைப்பதே மனிதனுக்கு அழகு, நடுவில் விடுவது சோம்பல்" என்பர் ஒரு சாரார். "வாழ்வது ஒரு முறை, அதனை முதலாளிக்கு முழுதும் விற்றுவிடாதே" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் உழைப்பை வணங்குகின்றனர். பின்னவர் ஓய்வை வணங்குகின்றனர். இவ்விரு சாராரும் கேட்க மறந்த வினா ஒன்று உண்டு. ஒருவன் தன் சுமையை இறக்கும்போது அது தரையில் இறங்குகின்றதா, இன்னொருவர் தோளில் ஏறுகின்றதா? இதற்கு விடை கண்ட பின்னரே, முன்கூட்டி ஓய்வு பெறுவது அறமா அன்றா என்று கூற இயலும்.

வயதை வகுத்தவர் யார்?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். ஐம்பத்தெட்டு, அறுபது என்னும் ஓய்வு வயதுகள் இயற்கை வகுத்தவை அல்ல, மனிதர் வகுத்தவை. 1889ஆம் ஆண்டில் ஜெர்மனி நாடு தொழிலாளர்க்கு முதுமை ஊதியச் சட்டம் இயற்றியபோது 70 வயதை எல்லையாக வைத்தது. 1916ஆம் ஆண்டில் அதனை 65 ஆகக் குறைத்தது. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியர்க்கு 55 ஆக இருந்த ஓய்வு வயது 1962இல் 58 ஆயிற்று; 1998இல் 60 ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு 58 ஆக இருந்தது 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. ஒரே நாட்டில், ஒரே வகை வேலைக்கு, ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஓர் எல்லையை அறத்தின் எல்லை என்று யார் கூற முடியும்? ஆதலின், குறித்த வயதுக்கு முன் விலகுவது அந்த ஒரு காரணத்தாலேயே குற்றமாகிவிடாது. இருபது ஆண்டு பணி முடித்த மத்திய அரசு ஊழியர், மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து விலகலாம் என்று அரசின் விதியே இடமளிக்கின்றது.

ஓய்வு என்பது யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையும் அன்று. பம்பாய் மில் தொழிலாளர்க்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கிடைத்தது 1890ஆம் ஆண்டில். நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் பெருந்தகை ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டி, விண்ணப்பம் எழுதி, வாதாடிப் பெற்றுத் தந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலையை நாளொன்றுக்கு 12 மணியாக வரையறுத்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி. 1934இல் 54 மணி. 1946இல் 48 மணி. இக்கடைசித் திருத்தம் வந்த காலத்தில் இந்திய அரசின் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்று நடத்தியவர் டாக்டர் அம்பேத்கர் அவர்களே. இவ்வாறு ஒவ்வொரு மணி நேரமும் கேட்டுப் பெற்ற மணி நேரம். வாரத்தில் 60 மணி 48 ஆனபோது, தொழிலாளி தன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு உழைப்புக் காலத்தை மீட்டுக்கொண்டான். முன்கூட்டிய ஓய்வு என்பதும் இவ்வழியிலே வந்ததொரு விருப்பமே.

சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் புத்தர், வேலை வாங்குவோர் வேலையாட்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்தினை எடுத்துரைக்கின்றார். வலுவுக்கு ஏற்ற வேலை, உணவும் கூலியும், நோயுற்றபோது பராமரிப்பு, அரிய உணவைப் பகிர்ந்துண்ணல், உரிய காலத்தில் விடுப்பு என்பன அவை. ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடுப்பு என்பது வேலை வாங்குவோரின் கடமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது என்பதை ஈண்டு நினைவில் கொள்க.

உடலுக்கு ஒரு கணக்கு உண்டு

எல்லா உடலும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஆலையில் பல ஆண்டு நின்றவன் என்ற முறையில் இதனைக் கூறுகின்றேன். பஞ்சு உடைக்கும் புளோரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியிலும் வேலை செய்வோர் மூச்சோடு பஞ்சுத் தூசியை உள்ளிழுக்கின்றனர். இதனால் வரும் மார்பு நோய்க்கு வியத்தகு குணம் ஒன்று உண்டு. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாட்களில் சற்றுத் தணியும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தணிவது நின்று, இறுக்கம் நிலையாகத் தங்கிவிடும். தறிக்கூடத்து இரைச்சலில் நிற்பவருக்குக் காது மந்தமாகும். இரவு ஷிப்டு பார்ப்பவருக்கு உறக்கமும் செரிமானமும் கெடும். மேசை முன் அமர்ந்து ஐம்பத்தைந்து வயதை எட்டியவரும், தறி முன் நின்று ஐம்பத்தைந்து வயதை எட்டியவரும் ஒரே வயதினர் என்று பிறப்புச் சான்றிதழ் கூறலாம், மூச்சுப்பை கூறாது. ஆகவே, வாழ்வில் சில ஆண்டுகளையேனும் நல்ல காற்றோடு கழிக்க வேண்டும் என்று இத்தகையோர் விழைந்தால் அதனைச் சோம்பல் என்று இகழ்வது பெரும் பாவம்.

ஊர் பார்க்கும் ஆசையையும் நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. ஆலையில் நெய்த துணி காசுமீரம் சென்றது, அஸ்ஸாம் சென்றது, கப்பலேறிக் கடல் கடந்தது. நெய்தவனோ வீட்டுக்கும் ஆலை வாயிலுக்கும் இடையே உள்ள வழியை மட்டும் முப்பது ஆண்டு நடந்தான். தன் கையால் ஆன பொருள் கண்ட உலகைத் தானும் காண வேண்டும் என்று அவன் விரும்புவதில் தவறு யாது? அறியாமையை நீக்கும் வாயில்களுள் பயணமும் ஒன்று. நாற்பது மைல் வட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவனுக்குத் தன் ஊர் வழக்கமே உலக நியதி என்று தோன்றும். சாதியும் தீண்டாமையும் இத்தகைய குறுகிய வட்டங்களில்தான் செழிக்கின்றன.

விருப்பம் யாருடையது?

ஆயினும் 'விருப்ப ஓய்வு' என்று எழுதியிருக்கும் தாள் எல்லாம் விருப்பத்தால் எழுதப்பட்டது அன்று. 2019ஆம் ஆண்டு நவம்பரில் அரசுத் தொலைபேசி நிறுவனமான பி.எஸ்.என்.எல்., 50 வயதைக் கடந்த ஊழியர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 78,500 பேர் வெளியேறினர். சம்பளம் காலந்தாழ்ந்து வந்த காலம் அது. அவருள் மகிழ்ந்து சென்றோரும் உண்டு. இனி இங்கிருந்தால் என்னாகுமோ என்று அஞ்சிச் சென்றோரும் உண்டு. 1982 ஜனவரியில் தொடங்கிய பம்பாய் மில் வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன் பின்னர் மூடிய ஆலைகள் பல மீண்டும் திறக்கவில்லை. நாற்பது வயதில் ஆலை மூடப்பட்டுத் தெருவில் நின்றவனை, "முன்கூட்டி ஓய்வு பெற்றவன்" என்று எவரேனும் அழைத்தால் அது கொடுஞ்சொல். துரத்தப்பட்டவனுக்கு நாம் அறவுரை கூறுவதற்கில்லை. நீதியே கேட்டுத் தர வேண்டும். ஆகவே, தன் மனமார, தன் கையால் விலகுபவரைப் பற்றியே மேலே கூறப் போகின்றேன்.

'போதும்' என்னும் சொல்

விலக நினைப்பவர் முதலில் போடும் கணக்குப் பணக்கணக்கு. அமெரிக்க நாட்டில் வில்லியம் பெங்கன் என்பார் 1994இல் ஒரு கணக்கை வெளியிட்டார். சேமித்த முதலில் முதலாண்டு நூற்றுக்கு 4 வீதம் எடுத்து, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டு சென்றால், அம்முதல் 30 ஆண்டு வரை தாங்கும் என்பது அதன் சாரம். ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று இந்நாளைய இளைஞர் கூறுவது இதை வைத்தே. மாதம் 25,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு 3 இலட்சம். இருபத்தைந்து மடங்கு என்றால் 75 இலட்சம். ஆனால் இக்கணக்கு அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களைக் கொண்டு, அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெறுபவரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. நாற்பத்தைந்து வயதில் விலகுபவருக்கு 30 ஆண்டு போதாது; நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டு வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரு மடங்காகும்; 24 ஆண்டில் நான்கு மடங்காகும். இன்று 25,000 ரூபாயில் நடக்கும் வீடு, அப்போது ஓர் இலட்சம் கேட்கும். தொழிலாளர் சேமநிதி ஓய்வூதியமும் 58 வயதில்தான் முழுதாகக் கிடைக்கும். 50 வயது முதல் பெறலாம் எனினும், குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு 4 வீதம் குறைத்தே தருவர். அக்குறைவு ஆயுள் முழுதும் தொடரும். இவற்றை எல்லாம் எண்ணாமல் கையெழுத்திடுவது விடுதலையைத் தேடுவதாகாது. தன் முதுமையைப் பிள்ளைகளிடம் அடகு வைப்பதாகும்.

எனினும் பணக்கணக்கு முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை. 'போதும்' என்னும் சொல் பையில் இல்லை, மனத்தில் உளது. இருபத்தைந்து மடங்கு சேர்த்த பின்னர் முப்பது மடங்கு இருந்தால் நன்று என்று தோன்றும். முப்பது சேர்ந்தால் நாற்பது. இவ்வாறு ஓய்வை நாளைக்கு நாளை ஒத்திவைத்து, ஓய்வு பெறாமலே மாண்டவர் பலர். மறுபுறம், வேலையை வெறுத்து ஓடியவர், மேஸ்திரியின் அதிகாரத்திலிருந்து விடுபட்டுத் தம் ஆசையின் அதிகாரத்துக்கு உட்படுவதும் உண்டு. ஆலைச் சங்கு ஊதாத காலைப்பொழுது முதல் மாதம் இனிக்கின்றது. ஆறாம் மாதம் கசக்கின்றது. நாளைத் தன் வசப்படுத்திக்கொள்ளத் தெரியாதவனுக்குச் சங்கு இருந்தாலும் அடிமை வாழ்வே. சங்கு நின்றாலும் அடிமை வாழ்வே.

நால்வகை இன்பம்

இல்லறத்தாராகிய அனாதபிண்டிகருக்குப் பகவான் நால்வகை இன்பங்களை எடுத்துக் கூறினார். அறவழியில் உழைத்து ஈட்டிய பொருள் தன்னிடம் உண்டு என்னும் உடைமை இன்பம் ஒன்று. அப்பொருளைத் தானும் நுகர்ந்து நற்செயலும் புரியும் நுகர்ச்சி இன்பம் இரண்டு. எவருக்கும் சிறிதும் பெரிதும் கடன்படவில்லை என்னும் கடனின்மை இன்பம் மூன்று. உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் குற்றம் செய்யவில்லை என்னும் குற்றமின்மை இன்பம் நான்கு. முதல் மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகா என்றும் அவர் முடித்தார்.

ஓய்வு பெற விரும்புவோர்க்கு இதனினும் நல்ல உரைகல் வேறில்லை. நுகர்ச்சி இன்பத்தைப் பகவான் மறுக்கவில்லை என்பதை முதலில் கவனிக்க. தாம் ஈட்டியதைத் தாம் துய்த்தல் தவறன்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையையும் கடலையும் காணச் செல்வதும் தவறன்று. ஆனால் கடனின்மை என்பதைச் சற்று விரித்து நோக்க வேண்டும். வட்டிக்கடைக் கடன் மட்டும் கடனன்று. படிப்பை முடிக்காத மகளின் கல்வி ஒரு கடன். மருந்துக்கு நம்மை நோக்கியிருக்கும் தாயின் நோய் ஒரு கடன். பத்தாண்டு நமக்காகத் தன் நகையை அடகு வைத்து மீட்ட மனைவியின் பொறுமை ஒரு கடன். இவை எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாமையால் இல்லாமற் போகா.

அவளுக்கு ஓய்வு வயது எது?

இனி நான்காவதாகிய குற்றமின்மைக்கு வருவோம். கணவர் ஐம்பதில் ஓய்வு பெறுகின்றார். காலையில் செய்தித்தாள் விரிகின்றது. "சூடாக ஒரு காப்பி" என்று குரல் எழுகின்றது. முன்பு நண்பகலில் ஒருவருக்கு உலை வைத்த வீட்டில் இன்று இருவருக்கு உலை. முன்பு வேலைக்குச் சென்ற பொழுதில் அவ்வம்மையார்க்குக் கிடைத்த இரண்டு மணி நேரத் தனிமையும் போயிற்று. 2019ஆம் ஆண்டு இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப்பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்கெனச் செலவிடுவது சராசரி 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு! இவ்வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, 48 மணிச் சட்டம் இல்லை, சேமநிதி இல்லை, 58 வயதும் இல்லை. லோகண்டே பெற்றுத் தந்த விடுமுறை ஆலை வாயில் வரைதான் வந்தது. அடுக்களை வாயிலைத் தாண்டவில்லை.

ஒருவர் ஓய்வு பெறுவதால் மற்றவர்க்கு வேலை கூடுமாயின், அங்கே சுமை இறங்கவில்லை, தோள் மாறியிருக்கின்றது. அதுபோன்றே, தந்தை முன்கூட்டி விலகுவதற்காக மகனை அவசரமாகப் படிப்பினின்று நிறுத்தி வேலைக்கு அனுப்புவதும், தந்தையின் விடுதலைக்கு மகனைப் பிணையாக வைப்பதே ஆகும். வேலையிடத்தையும் நோக்க வேண்டும். "நான் விலகினால் ஓர் இளைஞனுக்கு இடம் கிடைக்குமே" என்று சிலர் கூறுவர். கிடைக்குமாயின் நன்று. ஆனால் விலகியவர் இடத்தை நிரப்பாமல், எஞ்சியவரிடமே இரண்டு ஆள் வேலை வாங்கும் இடங்களும் உண்டு. பாதிச் சம்பளத்துக்கு ஒப்பந்த ஆளை வைக்கும் இடங்களும் உண்டு. விலகுமுன் சங்கத்தார் வாயிலாக அவ்விடம் நிரந்தர ஆளால் நிரப்பப்பட வேண்டும் என்று கேட்டு நிற்பது உடனுழைத்தோர்க்கு நாம் செய்யும் கடைசிக் கடமை.

ஓய்வு என்பதையே அறியாத பெருங்கூட்டமும் நம்மிடையே உளது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் வயற்காட்டிலும் உழைப்போர்க்கு எவர் ஓய்வு வயது வகுத்தார்? வறியோர்க்கான முதியோர் உதவித்தொகையில் 60 வயது முதல் 79 வயது வரை மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்துத் தந்த போதிலும் அது சோற்றுக்கும் மருந்துக்கும் போதுவதில்லை. ஐம்பதில் வேலையை விட எண்ணுபவர், எழுபதிலும் செங்கல் சுமக்கும் கிழவியைக் கண்டு வெட்கப்பட வேண்டும் என்று நான் கூறவில்லை. தாம் பெற்ற நேரத்தில் ஒரு பங்கு அவளுக்கும் உரியது என்று உணர வேண்டும் என்றே கூறுகின்றேன். உதவித்தொகை மனுவை எழுதித் தருதல், அலுவலகத்துக்கு உடன் செல்லுதல், மாலையில் அவள் பேரனுக்குப் பாடம் சொல்லுதல் ஆகியவை பொருட்செலவற்ற அறங்கள். நேரம் ஒன்றே வேண்டும். அதுவோ இவரிடம் உளது.

சித்தார்த்தர் போகவில்லையா?

இவ்விடத்தில் அறிவுடையோர் ஒரு தடை எழுப்பலாம். "சித்தார்த்தர் தம் 29ஆம் வயதில் மனைவியையும் பச்சிளங் குழந்தையையும் விட்டுச் சென்றாரே! அச்சுமை யார் தோளில் ஏறிற்று?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி, இதனை மழுப்பலாகாது.

பழைய வரலாறுகள், யசோதரையும் இராகுலனும் உறங்கிக்கொண்டிருக்க, இரவில் சொல்லாமல் சென்றார் என்று கூறுகின்றன. டாக்டர் அம்பேத்கரின் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் அவ்வரலாறு வேறு வகையாக உளது. ரோகிணி ஆற்று நீரைக் குறித்துச் சாக்கியர்க்கும் கோலியர்க்கும் எழுந்த பூசலில் போரை எதிர்த்தமையால் சித்தார்த்தர் நாட்டை விட்டுச் செல்ல நேர்கின்றது. பெற்றோரிடம் கூறுகின்றார், யசோதரையிடமும் கூறுகின்றார், அவளுடைய இசைவைப் பெற்றே செல்கின்றார். இருபதாம் நூற்றாண்டில் அவ்வரலாற்றை எழுதப் புகுந்த அம்மேதை, இந்த இசைவை இன்றியமையாததாகக் கருதினார் போலும். உறங்குபவளிடம் விடைபெறுவது விடைபெறுதல் ஆகாது. விழித்திருப்பவளிடம் கேட்டு, அவள் கூறும் விடையைச் செவிமடுத்து, அதன் பின் நடப்பதே அறம்.

மற்றொன்றும் நோக்கத் தக்கது. அவர் இளைப்பாறச் செல்லவில்லை. 35ஆம் வயதில் மெய்யறிவு பெற்ற பின்னர், 80ஆம் வயதில் குசிநகரில் கண்மூடும் வரை, 45 ஆண்டு ஊர் ஊராக நடந்தார். மழைக்காலம் மூன்று திங்கள் மட்டும் ஓரிடத்தில் தங்கினார். வீட்டுச் சுமையை இறக்கியவர் உலகின் சுமையை ஏற்றுக்கொண்டார். அவரை எடுத்துக்காட்டித் தம் ஊர்சுற்றலுக்கு நியாயம் தேடுவோர், அவருடைய புறப்பாட்டை மட்டும் பாராமல், அந்த நாற்பத்தைந்து ஆண்டு நடையையும் பார்க்க வேண்டும்.

இருவகைப் பயணம்

பயணத்தைக் குறித்து அசோக மன்னரின் எட்டாம் பாறைச் சாசனம் அழகிய செய்தி ஒன்றைத் தாங்கி நிற்கின்றது. முன்னிருந்த மன்னர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்குமாக உல்லாச யாத்திரை சென்றனர் என்றும், தாம் முடிசூடிப் பத்தாண்டு கழிந்தபின் போதி மரத்தடிக்குச் சென்றதாகவும், அதுமுதல் தம் யாத்திரை தம்ம யாத்திரை ஆயிற்று என்றும் அவர் பொறித்துள்ளார். துறவியரைக் காண்பது, முதியோரைக் கண்டு பொருளுதவி செய்வது, நாட்டுப்புற மக்களைச் சந்தித்து அறம் உரையாடுவது ஆகியவை அவ்யாத்திரையின் செயல்கள். இதில் மிகுந்த இன்பம் உண்டென்றும் அவர் தெரிவிக்கின்றார். இன்பத்தைத் துறந்ததாக அவர் கூறவில்லை. சிறந்த இன்பத்தைக் கண்டதாகவே கூறுகின்றார்.

நாமும் எவ்வழிப் பயணம் செய்கின்றோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து நாளில் பன்னிரண்டு ஊர், ஒவ்வோர் ஊரிலும் ஒரு புகைப்படம் என்று ஓடுவது ஆலை வேலையைப் போன்றதே. ஷிப்டு மட்டும் மாறியிருக்கின்றது. இரண்டாம் வகுப்பு இரயிலில் சென்று, ஓர் ஊரில் ஒரு வாரம் தங்கி, அவ்வூர்ச் சந்தையில் காய்கறி வாங்கி, அங்குள்ள உழைப்பாளர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று கேட்டறிந்து திரும்புபவர், ஓர் ஊரைக் கண்டவராகத் திரும்புகின்றார். முதியோர்க்கு இரயில்வே தந்துவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் 60 வயதான ஆண்களுக்கு நூற்றுக்கு 40 வீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 வீதமும் குறைத்து வந்தனர். எளிய முதியோரின் பயணத்தை அது எவ்வளவு தாங்கியது என்பது, இழந்தவர்க்கே தெரியும். நேரமும் வலுவும் உள்ள இளம் ஓய்வாளர், அத்தகைய முதியோர் ஒருவரைத் தம் செலவில் உடன் அழைத்துச் சென்றால் அதுவும் தம்ம யாத்திரையே.

கையெழுத்திடுமுன்

அன்பர்களே! வேலையை விட எண்ணுவோர் விலகல் தாளில் கையெழுத்திடுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சேர்ந்திருக்கும் விடுப்பில் ஒரு மாதம் எடுத்துக்கொள்க. ஓய்வுக்குப் பின் மாதந்தோறும் எவ்வளவு கிடைக்குமோ அத்தொகை ஒன்றிலேயே அம்மாதம் முழுதும் குடும்பம் நடத்துக. காலையில் எழுந்து உலை வைப்பதும், பாத்திரம் துலக்குவதும், துணி துவைப்பதும் ஆகியவற்றுள் பாதியைத் தாமே செய்க. மீதியுள்ள நேரத்தில் என்ன செய்தோம் என்று இரவில் ஒரு வரி எழுதி வைக்க. மாத முடிவில் பணம் போதுமானதா, மனம் அமைதியாக உளதா, வீட்டிலுள்ளோர் முகம் தெளிந்திருக்கின்றதா என்று நோக்குக. மூன்றும் நன்றெனில் அச்சமின்றி விலகலாம். வயது ஐம்பதாயினும் சரி, நாற்பத்தெட்டாயினும் சரி. ஒன்றேனும் குறையுமெனில் இன்னும் சிறிது காலம் பொறுத்திருப்பதே நன்று.

வாழ்நாள் முழுதும் பிறர் ஊதிய சங்குக்கு எழுந்தவர், தம் எஞ்சிய நாளைத் தாமே ஆள விரும்புவது நேரிய விருப்பம். அவ்விருப்பம் வீட்டில் ஒருவருக்கு மட்டும் நிறைவேறுமாயின் அது சலுகை. இருவருக்கும் நிறைவேறினால்தான் விடுதலை. ஆகவே, பயணச்சீட்டு வாங்குமுன் இல்லத்தரசியிடம் முதலில் கேளுங்கள். எந்த ஊருக்குப் போகலாம் என்று பிறகு கேட்கலாம். "உனக்கு எப்போது ஓய்வு?" என்று முதலில் கேளுங்கள். அதற்கு அவர் தரும் விடையைக் கொண்டு உங்கள் ஓய்வு நாளைக் குறியுங்கள்.